கூழ்முட்டையும் நரம்புக்குழாயும்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், பழைய மாணவிகள் ஒன்றுகூடலின்போது ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் நிற்பவர் ஒருவரானாலும் இந்த உரை மூவருடையது. 1999ஆம் ஆண்டு உயர்தர உயிரியல் பிரிவில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். ஒருவர் இங்கே வடக்கில் மகப்பேற்று மருத்துவர். ஒருவர் லண்டனில் குழந்தை மருத்துவர். மற்றவர் மெல்பேர்னில் நோயியல் துறையில் இருக்கிறார். போன மாதம் மூன்று நாட்டு நேரத்தையும் ஒருவாறு பொருத்திக்கொண்டு, தொலைபேசியில் சண்டை பிடித்துப் பிடித்து இதை எழுதினோம். ஆகவே "நாங்கள்" என்று சொல்லும்போது மரியாதைப் பன்மை என்று எண்ண வேண்டாம். உண்மையிலேயே மூன்று பேர்.

செயற்குழுவினர் பெண்களும் மருத்துவத்துறையும் என்ற தலைப்பைத் தந்தார்கள். அந்தத் தலைப்பில் எங்களிலும் நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில் முப்பது பேராவது இருப்பீர்கள். அதனால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைச் சொல்லுகிறோம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தில் மூவரும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தோம். கோழிமுட்டைக்குள் மூளை எப்படி உருவாகிறது என்று பார்த்தோம். அந்த ஆய்வு நாங்கள் நினைத்தபடி முடியவில்லை.

முட்டைக் கதை பல்கலைக்கழகத்துக்கு முன்னமே தொடங்கிவிட்டது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை இங்கே இருக்கும் பலருக்கு நினைவூட்டத் தேவையில்லை. வலிகாமம் முழுவதும் மழைக்குள் தென்மராட்சியை நோக்கி நடந்த இரவு. எங்களுக்கு அப்போது பதினைந்து வயது. எங்களில் ஒருவருடைய அம்மம்மா அந்த இரவில் நகைப்பெட்டியை மகளிடம் கொடுத்துவிட்டுத் தான் ஒரு கடகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடகத்துக்குள் வைக்கோல், வைக்கோலுக்கு மேல் பதினொரு முட்டை, முட்டைக்கு மேல் அடைக்கோழி. "அது அடைகிடக்குது, விட்டிட்டு வர ஏலுமோ?" என்பதுதான் அவருடைய நியாயம். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்பது உங்களுக்குத் தெரியும். அத்தனை நேரமும் கோழி அசையவில்லை.

கொடிகாமத்தில் தங்கிய வீட்டில் நான்கு குஞ்சு பொரித்தது. மிச்சம் ஏழும் கூழ். பிள்ளைகள் நாங்கள் அழுதோம். நடந்த நடையில் குலுங்கியதாலா, மழையில் நனைந்ததாலா, கடகத்தை இடையில் வாங்கித் தூக்கிய எங்களில் ஒருவரின் பிழையா என்று விசாரணை வைத்தோம். அம்மம்மா சொன்னார்: "வீட்டிலை அசையாமல் வைச்சாலும் ரெண்டு மூண்டு கூழாப் போகும் பிள்ளையள். எது எதாலை போனதெண்டு ஆருக்குத் தெரியும்?" அப்போது அது எங்களுக்கு ஆறுதலாகப் படவில்லை. கிழவி மழுப்புகிறார் என்றுதான் நினைத்தோம்.

ஊர் திரும்பி உயர்தரம் படித்தபோது எங்கள் ஆய்வுகூடத்தில் வேலைசெய்யும் நுணுக்குக்காட்டி ஒன்றே ஒன்று. மின்சாரம் இல்லாததால் அதன் கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பி வெயிலைப் பிடிக்க வேண்டும். முகில் வந்தால் வெங்காயத் தோல் இருண்டுவிடும். உயிரியல் ரீச்சர், "வெளிச்சம் வரும்வரைக்கும் பார்த்ததை வரையுங்கோ, பாராததை வரையாதையுங்கோ" என்பார். புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து அழகாக வரைந்துகொண்டு போனால் கொப்பியைத் திருப்பித் தந்துவிடுவார். இந்த இரண்டையும், அம்மம்மாவின் கடகத்தையும் ரீச்சரின் கொப்பியையும், கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருங்கள்.

பிறகு மூவரும் வடக்கை விட்டு வெளியே ஒரே மருத்துவ பீடத்துக்குப் போனோம். முதலாம் வருடத்தில் முளையவியல் விரிவுரை. மனித முளையத்தில் மூன்றாம் கிழமையில் முதுகுப் பக்கத்துக் கலங்கள் தடித்து ஒரு தட்டாகின்றன என்றும், அது மடிந்து குழாயாகிறது என்றும், கருக்கட்டி ஏறத்தாழ 28 நாளுக்குள் குழாயின் இரு முனைகளும் மூடிவிடுகின்றன என்றும், மேல்முனை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் உருவாகாமலும் கீழ்முனை மூடாவிட்டால் முள்ளந்தண்டு பிளந்தும் பிள்ளை பிறக்கும் என்றும் கரும்பலகையில் பதினைந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். பரீட்சைக்குப் பாடமாக்கினோம். ஒன்றும் விளங்கவில்லை. தட்டு எப்படிக் குழாயாகும்? யார் மடிப்பது?

உடற்கூற்றியல் பிரிவில் இருந்த ஒரு மடம் விடுமுறையில் மாணவரை ஆய்வுக்குச் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். மனித முளையத்தைப் பார்க்க முடியாது, கோழி முளையத்தைப் பார்க்கலாம், முட்டை வாங்கக் காசிருக்கிறதா என்று கேட்டார். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை.

முதல் இரண்டு கிழமையும் ஆய்வு என்று ஒன்றும் இல்லை. பார்ப்பது மட்டுந்தான். கருக்கட்டிய முட்டையைப் படுக்க வைத்து 38 பாகை செல்சியஸ் வெப்பத்தில் விட வேண்டும். முளையம் மஞ்சட்கருவின் மேற்பக்கத்துக்கு வந்து மிதக்கும். ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்தால் முளையம் ஓட்டை விட்டுக் கீழே இறங்கும். பிறகு சின்னக் கத்தரிக்கோலால் ஓட்டில் ஒரு யன்னல் வெட்ட வேண்டும். மஞ்சளின் மேல் வெள்ளை முளையம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதன் கீழே இந்தியன் மையை நீர்விட்டுச் செலுத்துவார்கள். கறுப்புப் பின்னணியில் திடீரென்று எல்லாம் தெரியும்.

தெரிந்ததை எப்படிச் சொல்வது! ஒரு நாள் கடந்த முட்டையில் ஒரு செருப்பின் அடிப்பாகம் போன்ற தட்டு. இன்னும் சில மணித்தியாலம் விட்டால், பாயின் இரண்டு ஓரத்தையும் இரண்டு பேர் பிடித்துத் தூக்குவதுபோல ஓரங்கள் எழும்பி நிற்கும். நடுமூளை வரப்போகும் இடத்தில் அவை முதலில் தொட்டுக்கொள்ளும். அங்கிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் இழுபட்டி பூட்டுவதுபோலப் பூட்டிக்கொண்டு போகும். 33 மணித்தியாலமளவில் முன்பக்கத்தில் மூன்று வீக்கம்: முன்மூளை, நடுமூளை, பின்மூளை. முன்மூளையின் இரு பக்கமும் கண் வரப்போகும் இரண்டு புடைப்பு. யாரும் மடிப்பதில்லை. ஒவ்வொரு கலமும் தன் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றுகிறது. ஒரு பக்கம் ஒடுங்கி ஆப்பு மாதிரி ஆகிறது. அத்தனை கலமும் சேர்ந்து ஒடுங்க, தட்டு வளைகிறது.

இரண்டாம் நாள் முட்டையைத் திறந்தபோது இதயம் துடித்துக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவர் முட்டைகூடத் தொடாத சைவ வீட்டுப் பிள்ளை. அவர் யன்னலை ஒட்டி மூடிவிட்டு வெளியே போய் இருந்தார். அன்று மாலை விடுதிக்குத் திரும்பும்வரை கதைக்கவில்லை. அடுத்தநாள் முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான். இன்று நோயியலில் இருப்பவரும் அவரே.

மடம் அப்போது எங்களுக்கு ரீற்றா லெவி-மொன்தல்சினியைப் பற்றி வாசிக்கத் தந்தார். இத்தாலியில் ரியூரின் நகரத்துப் பெண். பெண்பிள்ளைக்குத் தொழில் எதற்கு என்ற தகப்பனோடு வாதாடி மருத்துவம் படித்து 1936இல் பட்டம் பெற்றவர். யூதக் குடும்பம். 1938இல் முசோலினியின் இனச் சட்டங்கள் அவரைப் பல்கலைக்கழகத்தில் இருந்து வெளியேற்றின. அவர் தன் படுக்கையறையில் ஆய்வுகூடம் வைத்தார். தையல் ஊசியைத் தீட்டிக் கத்தியாக்கினார். குண்டுவீச்சுக் கூடியபோது நாட்டுப்புறத்துக்கு இடம்பெயர்ந்து, அங்கேயும் கோழி முளையங்களை வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குச் சத்துக்கு என்று சொல்லித்தான் விவசாயிகளிடம் கருக்கட்டிய முட்டை கேட்பாராம். அவருக்குப் பிள்ளைகளே இல்லை. முளையத்தை எடுத்தபின் மிச்சத்தை வீட்டார் பொரித்துச் சாப்பிட்டார்கள். அந்த அறையில் அவர் கண்டது இது: உறுப்பின் மொட்டை வெட்டி நீக்கினாலும் அதற்குப் போக வேண்டிய நரம்புக்கலங்கள் முதலில் உருவாகவே செய்கின்றன, போய்ச் சேர இடமில்லாததால்தான் பிறகு இறக்கின்றன. அதே பரிசோதனையை முன்னர் செய்து வேறுவிதமாக விளங்கிக்கொண்டிருந்த விக்ரர் ஹம்பேர்கர் யுத்தம் முடிந்தபின் அவரை அமெரிக்காவுக்கு அழைத்தார். அந்த வழியில் வந்த கண்டுபிடிப்புக்கு 1986இல் ஸ்ரான்லி கோஹெனோடு நோபல் பரிசு கிடைத்தது. 103 வயதுவரை வாழ்ந்து 2012இல் காலமானார்.

இடம்பெயர்வும் குண்டும் மண்ணெண்ணெய் விளக்கும் தெரிந்த எங்களுக்கு அவர் எங்கள் கல்லூரியின் மூத்த அக்கா ஒருவர் போலவே இருந்தார். அவருடைய படத்தை வெட்டி விடுதிச் சுவரில் ஒட்டினோம். அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்ளுகிறோம்.

முட்டைக்கு பண்ணை ஒன்றுக்கு பஸ்ஸில் போய்வர வேண்டும். அது 2001. மடியில் பெட்டியோடு மூன்று தமிழ்ப் பெண்கள் சோதனைச் சாவடியில் இறங்கி நின்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருநாள் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். "பித்தர" என்றோம். இவ்வளவும் எதற்கு என்று கேட்டார் அந்தப் பொடியன். எங்களிடமிருந்த சிங்களத்தில் நரம்புக்குழாயை விளங்கப்படுத்த வழியில்லை. "கேக்" என்றோம். அவர் சிரித்துவிட்டு, ஒவ்வொரு முட்டையையும் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, எங்களைவிடப் பக்குவமாகத் திருப்பி வைத்தார். ஊரில் கோழி வளர்த்த வீட்டுப் பிள்ளையாக இருந்திருப்பார்.

இனி ஆய்வுக்கு வருகிறோம். சோடியம் வல்புரோவேற் என்பது வலிப்பு நோய்க்கு நல்ல மருந்து. ஆனால் கர்ப்பத்தின் தொடக்கத்தில் அதை எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பேருக்கு முள்ளந்தண்டு பிளவு வருகிறது என்பது 1980களில் இருந்தே தெரியும். கோழி முளையத்திலும் அது குழாய் மூடுவதைக் குழப்பும். அதோடு போலிக் அமிலத்தைச் சேர்த்துக் கொடுத்தால் தடுக்குமா? இதுதான் எங்கள் கேள்வி. இருபது இருபது முட்டையாக மூன்று தொகுதி. முதலாவதற்கு வெறும் உப்புநீர். இரண்டாவதற்கு வல்புரோவேற். மூன்றாவதற்கு இரண்டும். ஒரு நாள் கழித்து யன்னல் வெட்டித் துளி விட்டு, ஒட்டி, திருப்பி வைத்து, இரண்டாம் நாள் முடிவில் எடுத்துப் பார்ப்பது. ஒரேயடியாகச் செய்ய முடியாது என்பதால் தட்டுத் தட்டாகச் செய்தோம்.

அந்தக் காலத்து மின்வெட்டு இங்குள்ள மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுவதும் நேரம் வைத்து நிறுத்தினார்கள். ஆய்வுகூட உதவியாளர் ஒரு வயதான சிங்கள ஐயா. எங்களை "நங்கி" என்பார். அவர் தன் வீட்டிலிருந்து சுடுதண்ணீர்ப் போத்தல்கள் கொண்டுவந்து தந்தார். மாறி மாறி இரவிரவாக விழித்திருந்து போத்தல் மாற்றினோம். ஒரு இரவு மட்டும் தவறியது. யார் விழித்திருக்க வேண்டிய இரவு அது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் உடன்பாடில்லை. விடிய வந்து பார்த்தபோது வெப்பமானி 29 காட்டியது. அந்தத் தட்டில் பதினைந்து முட்டை, ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து. பதினைந்தில் பதினான்கின் குழாய் மூடவில்லை.

எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தோம். வல்புரோவேற் கொடுத்ததில் 20இல் 11 பழுது. இரண்டும் கொடுத்ததில் 9. ஒன்றுமே கொடுக்காத, வெறும் உப்புநீர்த் தொகுதியில் 7. பதினொன்றுக்கும் ஏழுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. ஆறு மாத உழைப்பு, அரைப் படிக்காசு, எத்தனையோ பஸ் பயணம். கையில் ஒன்றுமில்லை.

அன்றிரவு விடுதியில் எங்களில் ஒருவருக்கு ஒரு யோசனை வந்தது. யார் என்று சொல்ல மாட்டோம், அது மூவரும் போட்ட ஒப்பந்தம். மின்வெட்டு இரவில் பழுதான ஐந்து உப்புநீர் முட்டைகளும் எங்கள் ஆய்வைச் சேர்ந்தவையல்லவே, அவை குளிரால் பழுதானவை. அவற்றை நீக்கினால் உப்புநீர்த் தொகுதியில் 15இல் 2 மட்டும். 20இல் 11க்கு எதிரே 15இல் 2. கணக்கு அழகாக வந்தது. அது பொய் என்றுகூட அன்றிரவு எங்களுக்குத் தோன்றவில்லை. காரணம் இருக்கிறது, நியாயம் இருக்கிறது என்றே தோன்றியது. அட்டவணையைத் துப்புரவாக எழுதி மடத்திடம் கொண்டுபோனோம்.

மடம் குரலை உயர்த்தவில்லை. ஒரே ஒரு கேள்வி. "அந்த இரவு மற்ற இரண்டு தொகுதி முட்டையும் எங்கே இருந்தன?"

அதே தட்டில். அதே குளிரில். வல்புரோவேற் முட்டை ஐந்தும் அன்றிரவுதான் பழுதாயின. அவற்றை மருந்தின் கணக்கில் எழுதிவிட்டு, பக்கத்தில் இருந்த உப்புநீர் முட்டைகளை மட்டும் குளிரின் கணக்கில் எழுதியிருக்கிறோம். முழுத் தட்டையும் நீக்கிப் பார்த்தால் 15இல் 2, 15இல் 6, 15இல் 5. ஒன்றையும் உறுதியாகச் சொல்ல இது போதாது. பார்த்ததை வரையுங்கோ, பாராததை வரையாதையுங்கோ. மூவருக்கும் ஒரே நேரத்தில் அந்தக் குரல் கேட்டது. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அதோடு விடவில்லை மடம். குளிர் படாத பதினைந்திலும் இரண்டு பழுதானதே, அது ஏன் என்று கேட்டார். தேடி வாசித்தோம். ஓட்டில் யன்னல் வெட்டித் திறப்பதுகூடச் சில கோழி முளையங்களில் குழாய் மூடாமல் போகப் போதும் என்று எழுதியிருந்தார்கள். பார்ப்பதற்காக நாங்கள் வைத்த கையே. சரி, கைவைக்காமல் வைத்துப் பாருங்கள் என்றார். பன்னிரண்டு முட்டையைத் திறக்காமல், மருந்தில்லாமல், மின்சாரம் நிற்காத கிழமையில் வைத்தோம். பத்து முளையம் ஒழுங்கு. ஒன்று வளரவேயில்லை. ஒன்றின் தலைப்பக்கம் திறந்தே கிடந்தது. அதை நுணுக்குக்காட்டியில் வைத்து மூவரும் மாறி மாறி நெடுநேரம் பார்த்தோம். குளிர் இல்லை, மருந்து இல்லை, கத்தரிக்கோல் இல்லை. அம்மம்மா 1998இல் காலமாகிவிட்டார். இருந்திருந்தால் அன்றே கடிதம் எழுதியிருப்போம்.

அறிக்கையில் எல்லா முட்டையையும் எழுதினோம். முடிவு என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிதான் இருந்தது. பீடத்துக் கருத்தரங்கில் எங்களுக்குக் கடைசி நேரம் கிடைத்தது, பாதிப் பேர் தேநீருக்குப் போய்விட்டார்கள். பரிசு ஒன்றும் வரவில்லை. ஐயா மட்டும் பின்னால் நின்று கைதட்டினார்.

இனி ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரென்று தெரியாமலிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். எங்களில் ஒருவருடைய கிளினிக்குக்குச் சில வருடங்களுக்கு முன் வந்தவர். இருபத்தாறு வயது, முதற்பிள்ளை. ஐந்தாம் மாத ஸ்கானில் பிள்ளைக்கு மண்டையோட்டின் மேற்பக்கம் இல்லை. குழாயின் மேல்முனை மூடாத பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளை பிறந்தபின் வாழாது. எங்கள் நாட்டுச் சட்டம் தாயின் உயிரைக் காப்பதற்காக மட்டுமே கர்ப்பத்தை முடிக்க அனுமதிக்கிறது. அது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. ஆகவே அவர் மிச்ச மாதங்களையும் சுமந்தார். சந்தையில், கோயிலில், "எத்தனை மாதம்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு சுமந்தார். பிள்ளை ஒரு மணித்தியாலம் உயிரோடு இருந்தது. துணியால் தலையைச் சுற்றித் தாயின் கையில் கொடுத்தோம். இந்தச் சட்டத்தைப் பற்றி எங்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அந்த மாதங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்த எவருக்கும் இருக்கும்.

ஆறு கிழமை கழித்து மாமியாரோடு வந்தார். கதிரையில் இருந்த உடனே கேட்டார்: "நான் என்ன பிழை விட்டனான் டொக்டர்?" அவரிடம் ஒரு பட்டியலே இருந்தது. மூன்றாம் மாதம் மோட்டார் சைக்கிளில் பருத்தித்துறைக்குப் போனது. பப்பாசிப்பழம் சாப்பிட்டது. கிரகணத்தன்று கிணற்றடிக்குப் போனது. நாலாம் மாதம் தகப்பனின் செத்தவீட்டில் விழுந்து அழுதது. ஒவ்வொன்றாகச் சொன்னார். மாமியார் கிரகணத்துக்குத் தலையாட்டினார்.

கரும்பலகையில் பதினைந்து நிமிடம் படித்ததை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்லியிருக்க முடியும்தான். ஆனால் அன்று கடதாசி எடுத்துக் கீறிக் காட்டியது பாடமாக்கிய படத்தை அல்ல, கண்ணால் பார்த்ததை. இந்தப் பாய் சுருண்டு மூடி முடிவது கருக்கட்டி 28ஆம் நாளளவில். அதாவது உங்களுக்கு மாதவிலக்குத் தள்ளிப்போய் இரண்டு கிழமை. அப்போது உங்களுக்குக் கர்ப்பம் என்று தெரியுமா? "தெரியாது, சலப்பரிசோதனை அதுக்குப் பிறகுதான் செய்தனான்." அப்படியானால் மூன்றாம் மாதத்து மோட்டார் சைக்கிளும் நாலாம் மாதத்துச் செத்தவீடும் எப்படி அதைத் திறந்திருக்கும்? அவர் விரலால் நாட்களை எண்ணினார். பப்பாசி அடிபட்டது. கிரகணம் அடிபட்டது. மாமியாரும் கூடவே எண்ணினார். அதற்காகவே அந்த அம்மாவை எங்களுக்குப் பிடித்துப்போனது.

"அப்ப ஏன்?" என்றார்.

போலிக் அமிலத்தைப் பற்றிச் சொன்னோம். உங்களுக்கும் சொல்லுகிறோம், வீட்டில் கலியாண வயதில் பிள்ளைகள் இருப்பவர்கள் கேளுங்கள். ஏழு நாடுகளில் நடந்து 1991இல் வெளியான பிரித்தானிய மருத்துவ ஆய்வுச் சபையின் ஆய்வு, இப்படி ஒரு பிள்ளை பிறந்த தாய்மார் அடுத்த கர்ப்பத்துக்கு முன்னரே போலிக் அமிலம் எடுத்தால் அது திரும்ப வருவது 72 வீதம் குறைகிறது என்று காட்டியது. இந்தச் சத்தின் கதையும் ஒரு பெண் மருத்துவரில்தான் தொடங்குகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் 1928இல் பம்பாய்க்குப் போய், பஞ்சாலைகளில் வேலைசெய்த கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்து, அதை மார்மைட் மாற்றுகிறது என்று கண்டார். ஆம், நாங்கள் பாணில் பூசும் அதே மார்மைட். அதற்குள் இருந்த சத்து போலிக் அமிலம் என்பது பிறகு தெரிந்தது. எங்கள் நாட்டில் புதிதாகக் கலியாணமானவர்களுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் இந்தக் குளிசையை இலவசமாகக் கொடுக்கிறார். வெட்கத்தில் வாங்காமல் விடுகிறவர்கள் உண்டு. கர்ப்பம் என்று தெரிந்தபின் தொடங்கினால் பாய் சுருண்டு முடிந்திருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கர்ப்பத்துக்கு முன்னரே நாளொன்றுக்கு 400 மைக்குரோகிராம் எடுக்கத் தொடங்குங்கள். முன்னர் இப்படி ஒரு பிள்ளை பிறந்திருந்தால் அதைவிடக் கூடிய அளவு வேண்டும், மருத்துவரைக் கேளுங்கள். வலிப்புக்கு வல்புரோவேற் எடுக்கும் பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டுப் பயத்தில் மருந்தை நிறுத்திவிட வேண்டாம், அது உயிருக்கே ஆபத்து. பிள்ளை பெற யோசிக்கும் முன்னரே மருத்துவரிடம் போய் மருந்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

அந்தத் தாய் குளிசை எடுத்திருந்தார். கலியாணம் எழுதிய மாதத்தில் இருந்தே, ஒருநாளும் தவறாமல். அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். அதனால்தான் அவருடைய "ஏன்" எங்களுக்குக் கடினமாக இருந்தது. 72 வீதம் என்றால் மிச்சம் 28 வீதம் உண்டு. எல்லாம் ஒழுங்காகச் செய்தவருக்கும் வந்திருக்கிறது.

அப்போது அந்தப் பன்னிரண்டு முட்டை நினைவுக்கு வந்தது. வாய்வரை வந்ததை விழுங்கினோம். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் முட்டையைப் பற்றிக் கதைப்பதா? "சில வேளைகளில் ஒருவரும் ஒரு பிழையும் விடாமலே குழாய் மூடாமல் போவதுண்டு அம்மா, அதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்" என்று மட்டும் சொன்னோம்.

"எதிலை பார்த்தனீங்கள்?" என்று மாமியார் கேட்டார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. கோழிமுட்டையில் என்றோம். பிறகு கடகத்தைப் பற்றியும், நாவற்குழிப் பாலத்தைப் பற்றியும், அம்மம்மா சொன்னதைப் பற்றியும் சொன்னோம். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், தாதி இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். மாமியாரும் அந்த இரவில் அதே பாலத்தால் நடந்தவர்தான். எந்தப் பக்கத்தால் ஏறினீர்கள், எங்கே இருந்தீர்கள் என்று விசாரித்தார். கிரகணத்தைப் பற்றிப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

கூடிய அளவு போலிக் அமிலத்துக்குத் துண்டு எழுதிக் கொடுத்தோம். அந்தப் பெண் அதை மடித்து அட்டைக்குள் வைத்தார். எழும்பும்போது, யாரிடமும் சொல்லாததுபோல, "எங்கட வீட்டிலையும் இந்தமுறை மூண்டு கூழ்" என்றார். மாமியார் அவருடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையால் மருமகளின் கையைப் பிடித்து, மருந்து எடுக்கும் வரிசை எந்தப் பக்கம் என்று தாதியிடம் கேட்டுக்கொண்டு போனார்.